மாற்றிப் போட்ட முதல் பிடி

றக்வான டவுனுக்கு மேலே, பஸ் மூச்சு வாங்கி நிற்கும் கடைசி வளைவையும் தாண்டி இருக்கும் தோட்டத்தில், இருளாயியை அட்டை கடித்தால் மெரினாவின் காலிலும் இரத்தம் வரும். ஏழெட்டு வருஷமாக இப்படித்தான். முதல் மாதம் பக்கத்து டிவிஷனிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். அப்புறம் அவரவருக்கு அவரவர் வேலை.

தொடங்கி வைத்தது மெரினாவின் முழங்கால். மேட்டுத் தேயிலை நிரை ஏறினால் அது மடங்காது. பக்கத்து நிரை இருளாயிக்கு இடது கண் மங்கல். முற்றல் இலையும் கூடைக்குள் போய், நிறுவையில் தினமும் ஏச்சு. உன் மேட்டை நான் ஏறுகிறேன், என் முற்றலை நீ பொறுக்கிப் போடு என்று பேசி முடித்தார்கள். சத்தியம் செய்யலாம் என்றால் ஒருத்திக்கு மாரியம்மன், மற்றவளுக்கு அந்தோனியார். அதனால் அன்றைய முதல் பிடிக் கொழுந்தை, பெருகட்டும் என்று 'பொலி' சொல்லி, இவள் அவள் கூடையிலும் அவள் இவள் கூடையிலும் போட்டார்கள். முதல் பிடி சொந்தக் கூடையில்தான் விழ வேண்டும் என்பது லயத்து வீடுகளில் தவழும் பிள்ளைக்கும் தெரியும். இவர்களுக்கும் தெரியும்தான். என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தார்கள். மறுநாள் அட்டை கடித்தது.

அதிலிருந்து தினமும் முதல் பிடியை மாற்றியே போட்டார்கள். ஒருத்தியின் நோவு இருவருக்கும் பாதிப் பாதியானது. மெரினா மூத்தவனைப் பெற இரண்டு நாள் கத்தியவள். இளையவளைப் பெறும்போது பாதி வலிதான். மீதிப் பாதிக்கு இருளாயி மலையில் ஒரு தேயிலைச் செடியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கங்காணி அவளுக்கு அரைநாள் சம்பளத்துக்குத்தான் பேர் போட்டார். மெரினா அதை ஒருநாளும் மறக்கவில்லை.

வம்பு திருவிழாவில் வந்தது. போன வருஷம் இருளாயி நேர்த்தி வைத்து நாக்கில் அலகு குத்திக்கொண்டாள். அதே நேரம் அந்தோனியார் கோயிலில் நற்கருணை வாங்க நாக்கை நீட்டிய மெரினா, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவள் புருஷன் ஸ்ரான்லிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர் கன்னையாவிடம் போய் நின்றான்.

"நம்ம வீட்டுல யாரும் நேத்தி வைக்கலீங்க தலைவரே. இத முடிச்சு வைங்க."

கூட்டு ஒப்பந்தங்களைப் பார்த்துத் தலை நரைத்த கன்னையா நிதானமாகச் சொன்னார்: "ரெண்டு தரப்பும் சேந்து செஞ்சத ஒரு தரப்பு முடிக்க ஏலாது தம்பி. ரெண்டு பேரும் ஒரே காலையில அவங்கவங்க கூடையில மொதப் பிடிய போடணும்."

இருளாயிக்கு மனசு உடைந்தது. ஆனாலும், "ஒனக்கு கஷ்டம்னா முடிச்சிக்குவோம் புள்ள. நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன்" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் இருளாயி பொலி சொல்லி, தன் கூடையிலேயே போட்டாள். கையோடு மெரினாவின் மேட்டு நிரைக்கு ஏறிப் போனாள். பேச்சு முடிந்தாலும் முழங்கால் முழங்கால்தானே. மெரினா கையில் கொழுந்தோடு நின்றாள். சொந்தக் கூடைக்குக் கை திரும்பவில்லை. அந்தத் தேயிலைச் செடிதான் ஞாபகம் வந்தது. பின்னாலேயே தட்டுத்தடுமாறி ஏறி, இருளாயிக்குத் தெரியாமல் அவள் கூடையில் போட்டுவிட்டு இறங்கினாள். ஒரு மணித்தியாலம் கழித்து அந்த மேட்டில் குளவிக்கூடு கலைந்தது.

குளவி மொய்த்தது இருளாயியை மட்டும். கீழே நின்ற மெரினாவை ஒன்றுகூடத் தொடவில்லை. ஆனாலும் அவள் முகமும் கழுத்தும் வீங்கின. இருவரையும் ஒரே லொறியில் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். டொக்டர் எண்ணிப் பார்த்தார்: ஒருத்தி உடம்பில் முப்பத்தொரு கொட்டு, மற்றவள் உடம்பில் முப்பத்தொன்று. அத்தனையும் ஒரே உடம்பில் இறங்கியிருந்தால் ஆள் மிஞ்சியிருக்காது என்றார். பிறகு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

படிவம் நிரப்ப வந்த நர்ஸ் நோனா, பக்கத்துக் கட்டிலில் கிடப்பவர் உனக்கு என்ன உறவு என்று சிங்களத்தில் கேட்டார். மெரினாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இதற்கு எந்த பாஷையிலும் சொல் அகப்படவில்லை. அக்காவும் இல்லை, சம்பந்தியும் இல்லை, கூட்டாளி என்றால் காணாது. கடைசியில், "அவளுக்கு நான், எனக்கு அவள்" என்று சிங்களத்திலேயே சொன்னாள். நோனா கொஞ்சம் யோசித்து, உறவு என்ற கட்டத்தில் 'தெபெத்தம', அதாவது இரண்டு பக்கமும் என்று எழுதினார். படிவத்தை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

மறுநாள் இருளாயி கண் திறந்தாள். "ஏன்டி, நான் என் கூடையிலதானே போட்டேன்?"

"நீ போட்ட. நான் போடலியே."

அழுதது இருளாயிதான். தலையணை நனைந்தது இரண்டு கட்டிலிலும். ஸ்ரான்லி வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நேரே தோட்டத்துக்குப் போய் மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தான். வீடு திரும்பியதும் இருளாயி அந்தோனியாருக்கு ஒரு கட்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள். இந்த வருஷம் அலகு குத்தும் நாளில், மெரினாவின் நாக்குக்கென்று ஸ்ரான்லியே தேன் வாங்கி வைத்திருந்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை இருளாயி மட்டும் கொழுந்தெடுக்கப் போனாள். அடுப்படியில் நின்ற மெரினாவின் குதிகாலில் இரத்தம் கசிந்தது. ஸ்ரான்லி கேட்காமலேயே உப்பு டின்னை எடுத்துக் கொடுத்தான். அவள் ஒரு சிட்டிகை எடுத்துத் தன் காலில் தேய்த்தாள். மலையில் இருளாயி குனிந்து பார்த்தபோது, அட்டை ஏற்கெனவே சுருண்டு விழுந்து கிடந்தது. அவள் அடுத்த செடிக்குப் போனாள்.