பல் மருத்துவரின் சுவருக்கு ஒரு காடு

கல்யாணங்களில் படம் எடுத்தே பழகியவள் அவள். "கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லுங்க" என்றால் மனிதர்கள் நகர்வார்கள், மரங்கள் நகருமா? பல் மருத்துவர் ஒருவர், நோயாளியின் நாற்காலிக்கு எதிரே இருந்த சுவருக்குக் காட்டுப் படம் ஒன்று கேட்டிருந்தார். இரண்டு முறை போய் எடுத்து வந்தாள். வெயில் திட்டுத் திட்டாக விழுந்து, கிளையும் கொடியும் பின்னிக்கொண்டு, எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

"இதப் பார்த்தா பல்லோட தலையும் சேர்ந்து வலிக்கும்" என்று சிரித்தார் மருத்துவர். அவளுக்குச் சுருக்கென்றது.

மூன்றாம் முறை, தூறல் போட்ட ஒரு காலையில் நாத்தனாரைக் கார் ஓட்டச் சொல்லிக் கிளம்பினாள்.

"மழையில யாராவது படம் எடுப்பாங்களா அண்ணி?"

"வெயில்தான்டி எனக்கு எதிரி. நீ குடையப் பிடி."

காட்டுக்குள் பனிமூட்டம் பின்னாலிருந்த புதரையெல்லாம் மூடியிருந்தது. வளைந்த மரம் ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். குறுக்கே நீட்டிய கிளை பார்வையிலிருந்து விலகும்வரை சேற்றில் மண்டியிட்டு நகர்ந்தாள். கேமராவை ஸ்டாண்டில் மாட்டினாள். காற்றோ இலைகளை ஆட்டிக்கொண்டே இருந்தது.

"கை மரத்துப்போச்சு அண்ணி, போயிடலாமா?"

"காத்து நிக்கட்டும்."

முக்கால் மணி நேரம் கழித்து, ஒரே ஒரு நொடி காடு அசையாமல் நின்றது. அழுத்தினாள்.

அடுத்த வாரம் படம் சுவரேறியது. முதலில் வந்து உட்கார்ந்த பெரியவரிடம், "வாயைத் திறங்க" என்று மருத்துவர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.