ஏழாவது மீட்டரின் சாம்பல்

எங்கள் மலை ஒரு காலத்தில் எரிமலை. மனிதன் பிறப்பதற்கு வெகு முன்பே அணைந்துவிட்டது. மழையும் காற்றும் சரிவுகளைத் தின்று தீர்க்க, தொண்டைக்குள் இறுகிய கரும்பாறை மட்டும் தலையில்லாத கழுத்தாக நடுவில் நிற்கிறது. சுற்றியுள்ள மேடுகளில் எரிகுழம்பு இறுகிய கல் ஓர் அடுக்கு, சாம்பல் ஓர் அடுக்கு. கல் கடப்பாரைக்கும் மசியாது. சாம்பல் நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். குவாரியில் எல்லோருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, எங்கள் தலைமைப் பொறியாளருக்கு மட்டும் விசாரணையின்போது மறந்துவிட்டது.

படிப்படியாக வெட்டிய குவாரியின் மூன்றாம் படி சரிந்து என் தம்பி பொக்லைனோடு புதைந்தான். கூட நின்ற இருவரும் போனார்கள். ஓட்டுநர் அடியில் அதிகமாகத் தோண்டியதுதான் காரணம் என்று பொறியாளர் சொல்ல, அப்படியே அறிக்கை எழுதினார்கள். செத்தவன் மேல் பழி போட என்ன செலவு? அந்த இரண்டு வீட்டாரும் தம்பி மனைவியை நடுத்தெருவில் நிறுத்தி, கொலைகாரன் பொண்டாட்டி என்றார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன், அந்தப் பொறியாளரைச் சும்மா விடுவதில்லை.

நான் அதே குவாரியின் கல் கிடங்கில் இருக்கிறேன். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் துளை போடும்போது மேலே வரும் உருளை வடிவக் கற்களை ஆழவாரியாகப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. சாம்பல் அடுக்கு தண்ணீரில் கரைந்து ஓடிவிடும், கல்லாக வராது. அந்த இடத்தைக் காலியாக விட்டு, ஆழம் எழுதிய மரக்கட்டை வைப்போம். மூன்றாம் படிப் பெட்டி வந்த வாரம் நான் விடுப்பில் இருந்தேன், சாவி பொறியாளரிடம். திரும்பி வந்தபோது பெட்டியில் கட்டையே இல்லை, கற்கள் நெருக்கமாக இருந்தன. விபத்துக்குப் பிறகுதான் உற்றுப் பார்த்தேன். கடைசி நான்கு கற்களில் தேன்கூடு மாதிரி ஓட்டை. எரிகுழம்பில் குமிழிகள் மேலே அல்லவா ஏறும்? கெட்டிக் கல்லுக்கு அடியில் நுரைக்கல் எப்படி வந்தது? காலியிடத்தை மறைக்கக் கற்களை நெருக்கிவிட்டு, மிச்சத்தை வேறு பெட்டிக் கல்லால் நிரப்பியிருக்கிறான் பாவி. சாம்பல் என்று தெரிந்தால் வேலை நின்றுவிடுமாம்.

துளை போட்டவரின் தினக்குறிப்பை விசாரணை அதிகாரியிடம் காட்டினேன். அதில் ஏழாவது மீட்டரில் எழுபது சென்டிமீட்டர் கல் காணவில்லை என்று இருந்தது.

"இருந்தா என்ன சார்? மிஷின் அரைச்சிருக்கும். அந்த இடைவெளிக்கு அர்த்தமே இல்ல" என்றான் பொறியாளர், கல்லுளிமங்கன்.

அவன் மலையடியில் வீடு கட்ட மனை வாங்கி அங்கேயும் துளை போடச் சொன்னதும் எனக்கு வழி கிடைத்தது. மூன்றாம் படிப் பெட்டியிலிருந்து நுரைக்கற்களை அகற்றி, தினக்குறிப்பின்படி காலியிடம் விட்டுக் கட்டையை மறுபடி வைத்தேன். மேலே அவன் மனையின் லேபிளை ஒட்டினேன். விசாரணைக் கோப்பை மூட வந்த அதிகாரியிடம், "அஞ்சு நிமிஷம் உக்காந்து கேளுங்க சார், போதும்" என்று கேட்டுக்கொண்டேன்.

மனைப் பெட்டி வந்துவிட்டது என்றதும் பொறியாளர் சிரித்துக்கொண்டே வந்தான். பெட்டியைக் குனிந்து பார்த்தவன் முகம் வெளிறியது.

"ஏழாவது மீட்டர்ல எழுபது சென்டிமீட்டர் காணோமே! சாம்பல்மா இது!"

"மிஷின் அரைச்சிருக்கும் சார்."

"என்ன உளறுற? கல்லு ரெண்டு முனையிலயும் சாம்பல் ஒட்டியிருக்கு பாரு. சின்னப் பையன்கூடச் சொல்லுவான். ஒரு மழை பெஞ்சா போதும், மேல ஒரு வண்டி நின்னாலும் மொத்தமா சரிஞ்சிடும். இதுல கட்டினா என் குடும்பமே புதைஞ்சிடும்!"

"வண்டின்னா பொக்லைன் மாதிரியா சார்?"

லேபிளை உரித்தேன். அடியில் 'மூன்றாம் படி' என்று இருந்தது. அதிகாரி பேனாவைத் திறந்து அவன் சொன்னதை வரி விடாமல் எழுத ஆரம்பித்தார். பொறியாளர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கேட்டான். நான் கொடுக்கவில்லை. இரக்கம் வருமோ என்று பயந்திருந்தேன், துளிகூட வரவில்லை.

தம்பி மனைவிக்குப் போன் போட்டேன். "அந்த ரெண்டு வீட்டுக்காரங்களையும் பக்கத்துல கூப்பிட்டு வெச்சுக்கோ" என்றேன். போனில் அவர்கள் வரும் சத்தம் கேட்டதும் போனை அவன் வாயருகே பிடித்தேன்.

"சாம்பல்னு எனக்குத் தெரியும்னு சொல்லுங்க சார். சத்தமா."

மூன்று முறை சொல்ல வைத்தேன், வீட்டுக்கு ஒரு முறை.