ஆறு வாரச் சாப்பாடு

கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது கேசியா கேட்ட முதல் கேள்வி, எத்தனை நாள் படுக்க வேண்டும் என்பதுதான். ஆறு வாரம் என்றார் டாக்டர். தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, குனிந்து பெருக்கக் கூடாது, அடுப்பு முன்னால் ரொம்ப நேரம் நிற்கக் கூடாது. "வீட்ல யார் இருக்காங்க?" என்று கேட்டார். "இருக்காங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

யாரும் இல்லை. சித்தூரில் மிஷன் காம்பவுண்டை ஒட்டிய தெருவில், இரண்டு அறை வாடகை வீட்டில் அவள் தனியாகத்தான் இருந்தாள். நாற்பத்தேழு வயது, பள்ளிக்கூட ஆபீசில் வேலை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களில் கல்யாணப் பேச்சு வந்து வந்து நின்று போயிற்று. அம்மா போன பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கூடப் பிறந்தவன் தம்பி பிலிப் ஒருவன்தான். ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். மனைவி ஷோபாவோடும் பத்து வயது மகளோடும் திருப்பதியில் குடியிருந்தான்.

ஆபரேஷனும் திருப்பதியில்தான். போனில் விஷயத்தைச் சொன்னதும், "நான் வந்து கையெழுத்துப் போடறேன்க்கா, நீ பயப்படாதே" என்றான். முடிந்ததும் எங்க வீட்டுக்கு வந்துடு என்று சொல்வான் என்று அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டான்.

சரி, யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மூடிப்போன ஐஸ்கிரீம் கடையிலிருந்து பழைய பிரீசர் ஒன்றை வாங்கி, மூடியில் ஒட்டியிருந்த கோன் ஐஸ் படத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடுக்களைச் சுவரோரம் போட்டாள். நான்கு சனிக்கிழமை லீவு முழுக்கச் சமையல். எது உறைந்தால் கெடாது, எது கெடும் என்று ஒவ்வொன்றையும் முதலில் கொஞ்சமாக வைத்துப் பார்த்தாள். உருளைக்கிழங்கு பஞ்சாகிப் போனது. கத்தரிக்காய் கூழாகிவிட்டது. காய் போடாத பருப்பு, புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு, தேங்காய் சேர்க்காத கோழிக்குழம்பு எல்லாம் அப்படியே நின்றன. இட்லியை எடுத்து மறுபடி ஆவியில் வைத்தால் புதிது மாதிரியே இருந்தது. சப்பாத்தியை முக்கால் வேக்காட்டில் எடுத்து நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து அடுக்கினாள். குழம்புகளை ஒரு வேளைக்கு ஒரு பாக்கெட்டாக ஊற்றித் தட்டையாக உறைய வைத்து, புத்தகம் போல நிறுத்தி வைத்தாள். கரண்ட் போனாலும் தாங்கட்டும் என்று அடியில் உப்புத் தண்ணீர் பாட்டில்களைப் போட்டாள். பரண்மேல் இருந்ததெல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறங்கியது. அரிசியும் சின்னச் சின்னப் பைகளாயிற்று.

எதிர்வீட்டு ரத்தினம்மா வாசலில் நின்று கேட்டாள்: "இன்னா கேசியா, விசேஷமா? வாசனை தெரு மொத்தமும் வருதே!"

"ஒண்ணுமில்லீங்க, சும்மாதான்" என்றாள் கேசியா.

கடைசியாக, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினாள். ஆம்புலன்ஸ், கேஸ் ஏஜென்சி, பிலிப். அதற்குக் கீழே யார் பெயரை எழுதுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பாதித் தாள் காலியாகவே இருந்தது.

ஆஸ்பத்திரியில் சேரப் போன காலையில் பிலிப் கேட்டிலேயே காத்துக்கொண்டிருந்தான். சட்டை கழுத்தில் தொளதொளவென்று கிடந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. வேலை ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே போய் உடை மாற்றிக் கட்டிலில் உட்கார்ந்த பிறகு நர்ஸ் ரிப்போர்ட்டோடு வந்தாள். "ரக்தம் சால தக்குவகா உந்தம்மா" என்றாள். ரத்தம் இவ்வளவு குறைவாக இருந்தால் மயக்க மருந்து கொடுக்க முடியாது; மூன்று வாரம் இரும்புச்சத்து ஏற்றிவிட்டுப் பார்க்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். கேசியா பழையபடி தன் சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"வந்தது வந்துட்டேன், ஷோபாவையும் பாப்பாவையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

"அவங்க ஊர்ல இல்லக்கா. ஷோபா அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க."

"அப்ப ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போறேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு."

அவன் ரோட்டுப் பக்கம் திரும்பி ஆட்டோவைக் கூப்பிட்டான்.

அவன் வீட்டு வாசலில் அவனுடைய இன்னொரு ஜோடி செருப்பு மட்டும் இருந்தது. அடுக்களையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், கவிழ்த்து வைத்திருந்தான். தண்ணீர் எடுக்க பிரிட்ஜைத் திறந்தாள். நான்கு பாட்டிலும் ஒரு ஊறுகாய் பாக்கெட்டும் தவிர எதுவும் இல்லை. அலமாரிக் கைப்பிடியில் ஓட்டல் பார்சலில் வரும் ரப்பர் பேண்டுகள் கொத்தாகத் தொங்கின. ஒரு மாசத்தில் சேர்ந்த கொத்து இல்லை அது. படுக்கை அறையில் பாப்பாவின் மேஜை துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

"எத்தனை நாளாச்சு?" என்று கேட்டாள்.

அவன் ஜன்னலைப் பார்த்தான். "எட்டு மாசம்."

"சண்டையா?"

"சண்டை போட்டிருந்தா பரவால்லையேக்கா. நான் வேலைக்குப் போவேன், வருவேன், துன்னுட்டுப் படுப்பேன். ஒருநாள் அவ சொன்னா, இந்த வீட்ல நானும் ஒரு சாமான் மாதிரி இருக்கேன்னு. நான் அதுக்கும் ஒண்ணும் சொல்லல. மறுநாள் கெளம்பிட்டா."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீயே தனியா இருக்கே. உங்கிட்ட வந்து நான் தனியா இருக்கேன்னு எப்படிச் சொல்றது?" அவன் குரல் இறங்கிவிட்டது. "உன்ன இங்க கூப்பிடணும்னுதான் இருந்துச்சு. கூப்பிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமே."

அவனை அதட்ட வேண்டும் போலவும் இருந்தது, தலையில் கைவைக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் சந்திரகிரி தாண்டும்வரை ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். தம்பி கூப்பிடவில்லை என்கிற கோபம் ஒரு மாசமாக அவளை நிமிர்த்தி வைத்திருந்தது. அந்தக் கோபத்தில்தான் அத்தனை சனிக்கிழமையும் அடுப்படியில் நின்றாள். இப்போது அதுவும் போய், கையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால், நோயாளி இல்லாத நோயாளி வீடு. ரசம் வைக்கவும் மனசில்லாமல் வாழைப்பழம் சாப்பிட்டுப் படுத்தாள்.

அடுத்த ஞாயிறு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய தெர்மோகோல் பெட்டியில் இருபது பாக்கெட்டை அடுக்கி, செய்தித்தாளால் சுற்றி, திருப்பதி பஸ் ஏறினாள். "இந்துலோ ஏமுந்தம்மா?" என்று கண்டக்டர் பெட்டியைத் தட்டிக் கேட்டபோது, "கூரலு" என்றாள். குழம்பையா இத்தனை பெரிய பெட்டியில் கொண்டுபோகிறாய் என்பது போல அவர் பார்த்தார்.

பிலிப் கதவைத் திறந்தபோது பெட்டியைத் தூக்கக்கூட மறந்து நின்றான். பிரிட்ஜ் மேல்தட்டில் பாறையாய் இறுகியிருந்த பனியைக் கரைத்து, துடைத்து, அவளே அடுக்கிக் கொடுத்தாள். ஒரு கோழிக்குழம்பை மட்டும் சூடாக்கினாள். அவன் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தான்.

"ஒக்காந்து துன்னுடா."

உட்கார்ந்தான். இரண்டாம் தடவை சோறு போட்டபோது தலையைக் குனிந்துகொண்டான். கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"உனக்கு வெச்சத எனக்குக் கொண்டாந்துட்டியே, நீ இன்னா பண்ணுவே?"

"பாத்துக்கலாம்."

மூன்று வாரம் கழித்து ஆபரேஷன் நடந்தது. ராத்திரியில் பெண்கள் வார்டில் ஆண்கள் இருக்கக் கூடாது. பிலிப் வராண்டாவில் பெஞ்சில் படுத்தான். உள்ளே பக்கத்துக் கட்டில்காரியின் மாமியார்தான் கேசியாவைப் பிடித்து உட்கார வைத்து வெந்நீர் கொடுத்தாள். பேர் கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. டிஸ்சார்ஜ் ஆனதும் பிலிப் கார் வைத்து அவளைச் சித்தூர் கொண்டுவந்து விட்டான். மூன்று நாள் கூட இருந்தான். அதற்குமேல் லீவு இல்லை.

பகல்கள் நீளமாக இருந்தன. பாக்கெட்டை எடுத்து வெந்நீரில் போட்டு, இளகியதும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், அடுத்த வேளை வர வெகுநேரமாகும். வயிற்றில் தையல் இழுத்தது. பிறக்காத பிள்ளைகளைப் பற்றி நினைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே நினைத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு டீச்சர்கள் ஆப்பிளோடு வந்து பத்து நிமிஷம் இருந்துவிட்டுப் போனார்கள்.

பிலிப் ஞாயிறுதோறும் வந்தான். அடுத்த வாரம் வருகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் வந்தான். வீட்டைப் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்து, அவள் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவான். இரண்டு பேருக்கும் பேச அதிகம் இருக்காது.

நான்காம் ஞாயிறு பிரீசர் காலியாகிவிட்டது. அவனே பருப்பு வேகவைத்துத் தாளித்தான். அடுப்பை அணைத்துவிட்டு அவள் அறை வாசற்படியில் வந்து நின்றான்.

"அக்கா, ஷோபாவுக்குப் போன் பண்ணட்டா?"

"இதுவரைக்கும் பண்ணவே இல்லியா?"

"பாப்பாகிட்ட மட்டும் பேசுவேன்."

"பண்ணு."

அவன் பின்கட்டுக்குப் போனான். அவன் பேசியது அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஒருதரம் "இல்ல, இல்ல, நான்தான்" என்றது மட்டும் கேட்டது. ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தான்.

"இன்னா சொன்னா?"

"சாப்ட்டியான்னு கேட்டா." போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வேற ஒண்ணும் சொல்லல" என்றான்.

நாலு மணி பஸ்ஸுக்கு அவன் கிளம்பினான். கேசியா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து, அவன் தெருமுனை திரும்பும்வரை நின்றாள். உள்ளே வந்து அவன் வைத்த பருப்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டாள். உப்பு தூக்கலாக இருந்தது. கொஞ்சம் தயிர் விட்டுப் பிசைந்து, தட்டைத் துடைத்துச் சாப்பிட்டாள்.