நீண்டுபோன கழுத்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வாத்தின் கழுத்தில் தொடங்கியது. மரவாத்து. வேட்டைக்காரர்கள் அதைத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள்; மேலே பறக்கும் காட்டு வாத்துகள் தங்கள் இனம் என்று நம்பி இறங்கும்; பிறகு துப்பாக்கி. வாத்தின் தலை நிமிர்ந்திருந்தால் ஒன்றும் இறங்காதாம், ஆபத்து என்று நினைத்துக்கொள்ளுமாம். எங்கோ கேள்விப்பட்டேன். அன்றோடு போயிற்று என் நிம்மதி.

முதல் வரி இப்படி எழுதினேன்: ஜப்பான்காரன் காலத்தில், மலாக்கா நதியின் மேல் பொன்னிற மாலை

சீ. அடித்துவிட்டேன். பசியில் கிடந்தவனுக்கு ஏது பொன்னிறம்?

2

மலாக்காவின் காஜா பெராங் தெருவில் பொன்னுதுரை என்று ஓர் ஆள். கட்டைச் செருப்பு செய்பவன். (இருந்தானா என்று தேடாதீர்கள், நான் செய்த ஆள்.) தோல் செருப்புக்கு வழியில்லாத காலம், தெருவே அவன் கட்டையில்தான் நடந்தது. ஜப்பானிய அதிகாரியின் மொழிபெயர்ப்பாளன் சுப்பையன் ஒருநாள் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, துவானுக்கு, அதான் அதிகாரிக்கு, வாத்து சுடணுமாம். மரத்துல ஒண்ணு செஞ்சு கொடுங்க. பறவை எறங்கிச்சுன்னா உங்கள ஊர்லயே வெச்சுக்குவாரு."

"எறங்கலன்னா?"

"சயாமுக்கு லோரியில ஆள் ஏத்துறாங்க. தெரியாத மாதிரி கேக்காதீங்க அண்ணே."

சயாம் ரயில் பாதை போடப் போனவர்களில் ஒருவர்கூட அந்தத் தெருவுக்குத் திரும்பவில்லை. பொன்னுதுரையின் மனைவி கோகிலா, மரவள்ளிக் கிழங்கை உரித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

3

முதல் வாத்து. புலாய் மரம், லேசானது, நன்றாக மிதக்கும். ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? வயிற்றைத் தட்டையாக இழைத்து, பின்னால் குதிகாலுக்கு மேடும் வைத்துவிட்டான். கோகிலா சிரித்தே விட்டாள்.

"இது எந்தக் கால் செருப்புங்க? வலதா, எடதா?"

அடியை உருண்டையாக இழைத்தான். அது திருத்தக்கூடிய தப்பு.

கழுத்துதான் படுத்தியது. அடுத்து செய்ததும் அதற்கடுத்ததும் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன. கம்போங் செட்டி குடியிருப்புக்குப் பின்னாலிருந்த குட்டையில் விட்டுப் பார்த்தான். வந்த பறவைகள் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பறந்துபோயின.

"லோரி சத்தம் கேட்டா நீங்க நிப்பீங்களே," என்றாள் கோகிலா, "அதே மாதிரி இருக்குங்க."

4

(இங்கே அவனைக் கோழையாகவும் அவளைத் தைரியசாலியாகவும் எழுதியிருந்தேன். பொய். இரண்டு பேருமே பயந்தார்கள். என்னிடம் அழித்து எழுதக் காகிதம் இருக்கிறது. அவன் வெட்டிய மரம் மறுபடி ஒட்டாது.)

நிம்மதியாக இருக்கும் ஓர் உயிரைப் பார்த்தால்தானே செதுக்க முடியும்? அந்த ஊரில் அதற்கு எங்கே போவது? பூனைகூடக் காதை விறைத்துக்கொண்டுதான் படுத்திருந்தது.

மதியம், கிழங்குக் கொல்லையில் கொத்திவிட்டு வந்த கோகிலா பாயில் சாய்ந்தாள். அசதியில் அப்படியே உறங்கிப்போனாள். தாடை தோளில் புதைந்து, கழுத்தே இல்லாத மாதிரி. பொன்னுதுரை சத்தமில்லாமல் உளியை எடுத்தான்.

எழுந்தவள் புது வாத்தைப் பார்த்தாள்.

"இது நானா?"

"ஆமா."

"என் தூக்கத்தக் காட்டியா அதுங்களக் கொல்லப் போறீங்க?"

"நான் போயிட்டா நீ தூங்குவியா, கோகிலா?"

அவள் வாத்தை வாங்கி, மரத்தூளைப் புடவைத் தலைப்பால் துடைத்து, அவனிடமே கொடுத்தாள். இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஒளிப்பானேன்?

5

முடிவு ஒன்று: பறவைகள் இறங்கின. அவன் ஊரில் தங்கினான். கோகிலா அதற்குப் பிறகு கண்ணை மூடினாலே

முடிவு இரண்டு: இறங்கவில்லை. லோரியில்

(மாட்டேன். கை வரவில்லை.)

புக்கிட் ரம்பாய் பக்கத்துச் சதுப்பு. விடிந்துவிட்டது. மரவாத்து தலையைப் புதைத்துக்கொண்டு மிதக்கிறது. புதருக்குள் துப்பாக்கியோடு அதிகாரி; பின்னால் பொன்னுதுரை, கழுத்தை நீட்டிக்கொண்டு. மேலே காட்டு வாத்துகள் வட்டமடிக்கின்றன. கீழே ஒன்று நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்துவிட்டன. கால்களைத் தொங்கவிடுகின்றன.

என்னால் இவ்வளவுதான் ஐயா. பறவைகளை இறக்குவதானால் நீங்கள் இறக்குங்கள். பாவம், பறந்து போகட்டும் என்று தோன்றினால் கையைத் தட்டுங்கள். தட்டினால் லோரியில் ஏறுவது யார் என்று உங்களுக்குத் தெரியும்.