உபயம்

"ஆத்தாவுக்கே எதிரா நிப்பியா நீ? சொல்லு!"

ஊர்த் தலைவர் கருணாகரன் நடுவீட்டில் நின்று கேட்டதும் செல்லம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அவள் புருஷன் திருமலை மீன்பிடிக்கிறவன்தான். எண்ணூர்க் கழியில் அனல்மின் ஆலைச் சாம்பல் படிந்து, வலையில் சேறு மட்டுமே வர ஆரம்பித்ததும், அந்த ஆலையிலேயே காண்டிராக்ட் கூலியாகச் சேர்ந்தான். ஒருநாள் மக்கிப்போன பலகை முறிந்து, கொதிக்கும் சாம்பல் தொட்டியில் விழுந்தான். மூடிய பெட்டியில் வந்தவனின் முகத்தைக்கூட அவளுக்குக் காட்டவில்லை. போலீசில் புகார் கொடுக்க ஊரில் ஒரு நாதி துணைக்கு வரவில்லை. தனியாகப் போய்த்தான் கொடுத்தாள்.

"கேச வாபஸ் வாங்கிக்கினா, கம்பெனிக்காரன் நம்ம கோயில புச்சா கட்டித் தரேன்றான். மழ பேஞ்சா ஆத்தா தலமேலயே ஒயுகிகினு கீது. நீயுந்தான பாக்குற?"

பார்க்காமல் என்ன? திருமலை போனபின் அவள் அழுவதற்கென்று இருந்த ஒரே இடம் அந்த அம்மன் சந்நிதிதான். வீட்டில் அழுதால் மகள் மகிழினி பயந்துபோகிறாள். தெருவில் அழுதால் போகிறவர்களுக்குச் சகுனம் சரியில்லை. அம்மன் ஒருத்திதான் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதவள். அங்கே கொட்டித் தீர்த்தால்தான் மறுநாள் வெளியூர் மீனை வாங்கி விற்கக் கூடையைத் தலைக்கு ஏற்றத் தெம்பு வரும். அது கருணாகரனுக்குத் தெரியும். தெரிந்துதான் அங்கே கைவைத்தார்.

"அவுரு போனது ஆத்தாவுக்காவது ஆவட்டும் மாமா," என்றாள் செல்லம்மா.

அவள் கேசை வாபஸ் வாங்கினாள், கோயில் எழும்பியது. கும்பாபிஷேகத்தன்று குளித்து முழுகிப் போனவளை வாசலிலேயே மறித்தாள் கருணாகரனின் மனைவி புஷ்பவல்லி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவேண்டுமே!

"நல்ல நாளு அதுவுமா முன்னால வந்து நிக்காதடி. பின்னால போ."

போனாள். அங்கே புதுச்சுவரில் ஒரு கல் பதித்திருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'உபயம்' என்று போட்டு, ஆலையின் பேர், காண்டிராக்டரின் பேர், அதற்கும் கீழே கருணாகரனின் பேர். காண்டிராக்டர் பரிவட்டம் கட்டிக்கொண்டு அம்மனுக்கு நேரே நின்றான்.

கலசத்துத் தீர்த்தம் எல்லார்மேலும் தெறித்தது. அம்மன் பாதத்துக் குங்குமத் தட்டு வரிசையாக வந்து, அவளை மட்டும் தாண்டிப் போனது. தாண்டிய தட்டில் ஈரக்கையை விட்டு அள்ளினாள்.

"அய்யய்யோ, தாலியறுத்தவ குங்குமத்தத் தொட்டுட்டாளே!" என்று கூட்டத்தில் ஒருத்தி அலறினாள்.

கல்லருகே போய், கருணாகரனின் பேருக்குக் கீழே விரலால் பெரிதாக எழுதினாள்: திருமலை.

"இன்னாடி பண்ற?" என்று பாய்ந்து வந்தார் கருணாகரன்.

"உசுரக் குட்தது எங்கூட்டுக்காரரு மாமா. அவுரு பேரு இல்லாம இன்னா உபயம்?"

தோள் துண்டை உருவி அழிக்கப்போனவரின் கை பாதியில் நின்றது. அம்மன் குங்குமம். சுற்றிலும் பார்த்தார், அதை அழிக்க ஒருவரும் முன்வரவில்லை.

விரல்களில் மிச்சமிருந்ததை நெற்றியில் இட்டுக்கொண்டு, செல்லம்மா முன்வரிசையில் போய் நின்றாள்.