கீழ்ப்பெட்டி

அந்த ஒரு எண்ணை மட்டும் போடாமல் விட்டிருக்கலாம். பெட்டி காலியாக இருந்தால் கணினி என்ன, கையையா கடித்துவிடப் போகிறது? தரகு அலுவலகத்தில் தன் மேசைக்கு எதிரே அக்கா வந்து உட்கார்ந்த நொடியிலிருந்து அவளுக்குள் இதுவே ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு மூச்சு வாங்கியது. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு பையைக் குடைந்தாள். பிறகு தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என் லட்சணம்" என்று தானே சிரித்துக்கொண்டாள். தங்கையால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

விற்பனைக்கு வரும் வீடுகளைக் கணினியில் ஏற்றுவதுதான் அவளுடைய வேலை. பதினோரு வருடங்களாக அதே மேசை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம். அதில் இரண்டு பெட்டிகள். மேல்பெட்டியில் எழுதுவதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்: எத்தனை அறை, எந்தப் பக்கம் ஜன்னல், காலையில் நல்ல வெளிச்சம். கீழ்ப்பெட்டி தரகர்களுக்கு மட்டும். அங்கே ஒற்றை எண்தான் போட வேண்டும். ஒன்று என்றால் வீட்டில் சாவு. இரண்டு என்றால் கணவன் மனைவி பிரிகிறார்கள். மூன்று என்றால் அவசரம், அழுத்திப் பேசினால் விலை இறங்குவார். மறந்துபோகிறவர்கள் எண்ணின்மேல் சுட்டியை வைத்தால் அதன் பொருள் பக்கத்திலேயே விரியும். பொத்தானை அமுக்கிய அடுத்த நிமிடம் நாற்பது அலுவலகங்களின் திரைகளில் அந்த வீடு தன் எண்ணைச் சுமந்துகொண்டு நிற்கும். அப்படியொரு பெட்டி இருப்பதே விற்பவருக்குத் தெரியாது.

"குரல வச்சே நம்பரச் சொல்லிடும் இந்தப் பொண்ணு" என்று முதலாளி வருகிறவர்களிடம் பெருமையடிப்பார். அவளும் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

அக்காவின் குரலை வைத்து எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே அக்காவே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். விழுந்ததில் அத்தானுக்கு இடுப்பெலும்பு உடைந்திருந்தது. வீடு இருப்பதோ மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் இரண்டு ஆட்கள் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். அத்தான் அப்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வாராம். வலியினால் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்ப்பதைப் பார்க்கக் கூடாதென்று. நாலு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஒரு வீடு விலைக்குக் கிடைத்திருந்தது. அந்த வீட்டுக்காரர் மாதக் கடைசி வரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். "அதுக்குள்ள இது போயிடணும்டி. யார்கிட்டயும் சொல்லிடாத, கேட்டா கம்மியாக் கேப்பாங்க" என்றாள் அக்கா. அவள் ஒரு தலையணை உறையை நாலாக மடித்துக்கொண்டே தலையாட்டினாள்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்து, மேல்பெட்டியில் அந்த வீட்டின் வெளிச்சத்தைப் பற்றி ஆசையாக நாலு வரி எழுதினாள். கீழ்ப்பெட்டிக்கு வந்ததும் விரல் மூன்றைத் தட்டியது. சீக்கிரம் விற்கட்டும் என்றுதான் போட்டேன் என்று முதல் வாரம் முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய். போடும்போது அவள் அக்காவை நினைக்கவே இல்லை. படிவம் பூர்த்தியானதில் வழக்கமாக வருகிற சின்ன திருப்தி மட்டும் வந்தது. அதை இப்போது நினைத்தால் காது மடல் வரை சுட்டது.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மூன்று வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து மூன்று பேர். "மூணு பேரும் ஒரே வாத்தியார்கிட்ட கணக்குப் படிச்சிருப்பாங்க போல. தொகை கொஞ்சங்கூட மாறல" என்று அக்கா தொலைபேசியில் வேடிக்கையாகச் சொன்னாள். அன்றே இவள் அந்த எண்ணை அழித்துவிட்டாள். அழித்து என்ன பயன்? நாற்பது பேரும் எப்போதோ குறித்துக்கொண்டாயிற்று. திரையில் பழைய மூன்று சாம்பல் நிறத்தில் அப்படியே இருந்தது. நீக்கப்பட்ட தேதி மட்டும் அதன் பக்கத்தில் சேர்ந்துகொண்டது. அதைப் பார்த்தபோது வேறொன்றும் தோன்றியது. இதுவரை எத்தனை மூன்று, எத்தனை ஒன்று? அப்போதெல்லாம் இந்தக் கூச்சம் எங்கே போயிருந்தது? அவர்களும் யாரோ ஒருத்தியின் அக்காதானே?

முதலாளி உள்ளறையிலிருந்து ஒப்பந்தத்தாளோடு வந்தார். நாலாவதாக வந்தவரும் அதே குறைந்த தொகையைத்தான் சொல்லியிருந்தார். அதை வாங்கிக்கொண்டால் தரைத்தள வீடு கைக்கு எட்டாது. வேறு ஏதாவது ஒரு மாடியில் வாடகைக்குத்தான் போக வேண்டும். முதலாளி அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. சந்தை இப்போது இப்படித்தான், நாலு பேர் ஒன்றைச் சொன்னால் அதுதான் விலை என்று இதமாக விளக்கினார். பேனாவின் மூடியைக் கழற்றி அக்காவிடம் நீட்டினார்.

"என்னை நம்ப வேணாம்மா. உங்க தங்கச்சி இங்கதானே இருக்கு, அதையே கேளுங்க. நீயே சொல்லும்மா, போடலாம்னு."

அக்கா பேனாவை வாங்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். சின்ன வயதில் இருவருக்கும் துணி எடுக்கும்போதுகூட எந்த நிறம் என்று இவளைத்தான் கேட்பாள். அதே முகம்.

"சொல்லுடி. உனக்குத்தானே இதெல்லாம் தெரியும். நீ சரின்னா போட்டுடறேன்."

எதிரே இருப்பவளிடம் சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது.

"நான் சொல்ல மாட்டேன்க்கா."

குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. முதலாளி சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். அவள் படிவத்தைத் திறந்து, திரையை இரண்டு கையாலும் பிடித்து அக்கா பக்கமாகத் திருப்பினாள். அது கனமாக இருந்தது, மேசைமேல் கிறீச்சிட்டது. பிறகு சுட்டியைச் சாம்பல் நிற எண்ணின்மேல் கொண்டுபோய் வைத்தாள். அதன் பொருள் பக்கத்தில் ஒரு மஞ்சள் கட்டத்தில் விரிந்தது.

"அத மூடும்மா" என்றார் முதலாளி, மிகவும் தாழ்ந்த குரலில்.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா பேனாவைத் தாளின்மேல் வைத்துவிட்டு, தலைமேல் இருந்த கண்ணாடியைத் தேடிக் கையை உயர்த்தினாள்.