ஓடாத காருக்கு வைத்த கைநாட்டு

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த என் நாட்டு மக்களே, வாருங்கள்! வலங்கைமானுக்குத் தெற்கே ஒரு கீற்றுப் பந்தலின் கீழ் நடந்த அநீதிக்குச் சாட்சியாக வந்து நில்லுங்கள். அங்கே எவரும் எவரையும் அடிக்கவில்லை. பதிவு அலுவலகத்தில் ஒரு மனிதரின் கட்டை விரலில் மை தடவினார்கள், அவ்வளவுதான். அந்த மையின் பெயரால் அவருடைய தெருவே அவரைக் கைவிட்டது.

அவர் பெயர் மருதையன். மிராசுதார் வீட்டுக் கார்க் கொட்டகையில் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்தவர். ஆஸ்டின் காரைக் கழுவுவார், துடைப்பார், விடியலில் ஹேண்டில் போட்டுச் சுற்றி இயக்கி வைப்பார். பழுது பார்க்கும்போது டிரைவரோடு அடியில் படுத்துப் படுத்தே அந்த வண்டியின் குடலையும் நரம்பையும் கற்றார். ஆனால் அதன் இருக்கையில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. சேரிக்காரன் காரின் அடியில் படுக்கலாம், உள்ளே அமரக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம்.

ஒரு மார்கழியில் அவர் மனைவி தங்கம்மாளுக்குப் பேறுகாலம் சிக்கலாயிற்று. கொட்டகையில் கார் நின்றது. டாங்கியில் பெட்ரோலும் இருந்தது. மருதையன் கைகூப்பிக் கேட்டார். தீட்டு என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். மாட்டு வண்டி தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் பாதி வழி போவதற்குள் தாயும் போனாள், சேயும் போயிற்று.

பிறகு ஆட்சி மாறியது. ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கருக்கு மேல் கூடாது என்று நில உச்சவரம்புச் சட்டம் இறங்கியது. மிராசுதார் வீட்டில் அம்பாசடர் வந்து நின்றது. ஆஸ்டின் புங்க மரத்தடியில் செங்கல் மேல் ஏறியது. அந்த வீட்டு நிலங்களை நிர்வகிக்கும் காரியக்காரர் ஒரு நாள் மருதையனை அழைத்தார். உழைப்புக்குப் பரிசாகக் காரை உனக்கே தருகிறோம், பத்திரமும் எழுதியாயிற்று என்று சொல்லிப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார். சம்மதமா என்று அங்கே கேட்டார்கள். சம்மதம் என்று மருதையன் கட்டை விரலை நீட்டினார். தாளில் எழுதியிருந்ததை எவரும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.

தெருவே திரண்டு தள்ளிக்கொண்டு வந்து காரைப் பந்தலில் சேர்த்தது. தங்கம்மாளின் தங்கை அம்சம் முதல் ஆளாகத் தோள் கொடுத்தாள். அவள் மகள் ராஜாத்திக்குத் தை மாதம் பேறுகாலம். அதற்குள் வண்டி ஓட வேண்டும். இனி இந்தத் தெருப் பெண் எவளும் வண்டி மாட்டின் காலை நம்பி உயிரை விடக் கூடாது. இந்த உறுதியோடுதான் மருதையன் உப்புத்தாளைக் கையில் எடுத்தார்.

ஐப்பசி முடிவதற்குள் தெரு அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டது.

காரணம் அவருக்கு விளங்கவில்லை. குழாயடியில் அவர் வந்தால் குடங்கள் நகர்ந்தன. எதிரே வந்தவர்கள் வாய்க்கால் கரை மாறி நடந்தார்கள். கார் வந்த பொறாமை என்று முதலில் நினைத்தார். போகப் போக அதையும் நம்ப முடியவில்லை. கார்த்திகை மழையில் கீற்று ஒழுக, தம் போர்வையை இன்ஜின் மேல் போட்டுவிட்டுத் தாம் குளிரில் குந்தியிருந்தார். இருக்கைக்குள் எலி கட்டிய கூட்டை எடுத்து எறிந்து, தேங்காய் நாரைத் திணித்துத் தைத்தார். இறுகிப் போன பிஸ்டன்கள் மீது மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றி, அவை இளகுவதற்குப் பத்து நாள் காத்திருந்தார். ரேடியேட்டரைத் தலைச்சுமையாகக் கும்பகோணத்துக்கு எடுத்துப் போனால் பட்டறைக்கார முகம்மது யூசுப் பற்றவைத்துத் தருவார். அந்தக் குளிர்காலத்தில் மருதையனோடு வாய்விட்டுப் பேசிய மனிதர் அவர் ஒருவர்தான்.

மார்கழிப் பனியில் பிளக்குகள் நமுத்துப் போயின. ஒவ்வொரு விடியலிலும் அவற்றைக் கழற்றிச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் அடுப்போரம் வைத்துச் சூடேற்றுவார். ஓர் ஆளுக்கான சோறு, நான்கு பிளக்குகள். பொறி வராது. மறுநாளும் அதையே செய்வார்.

தை பிறந்து மூன்றாம் நாள் ஹேண்டிலைச் சுற்றியபோது இன்ஜின் இருமியது, உதறியது, பிறகு பிடித்துக்கொண்டது. மருதையன் கதவைத் திறந்து, வாழ்வில் முதன்முறையாக அந்த இருக்கையில் அமர்ந்தார். சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். ஒரு கதவும் திறக்கவில்லை.

அவரே அம்சத்தின் வீட்டுக்குப் போனார்.

“வண்டி ஓடுது அம்சம். ராஜாத்திக்கு நோவு எடுத்தா சொல்லியனுப்பு. யூசுப் பாய் வந்து ஓட்டுறேன்னிருக்காரு.”

அம்சம் முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “அவளை நேத்தே தஞ்சாவூர்ல நாத்தனா வீட்டுல கொண்டுபோய் விட்டாச்சு. உங்க கார்ல ஏறுறதுக்கு, பஸ்ஸுல நின்னுக்கிட்டே போவா எம்மவ.”

“நான் என்ன பண்ணினேன்?”

“நல்லாக் கேக்குறீங்க மாமா. ஒரு வேலி நிலத்துக்கு மிராசுதாரு ஆயிட்டீங்க, இதெல்லாம் ஞாபகம் இருக்குமா? நட்ட பயிர்லேருந்து எங்களை எறக்கிவிட்டாங்களே, யாரு பேரைச் சொல்லி? நிலம் மருதையனோடது, அவனே பயிர் வைக்கப் போறான்னு காரியக்காரரு வரப்புல நின்னு சொன்னாரு.”

அம்சத்தின் கணவன் வீரையனும் வேறு இரண்டு குடும்பங்களும் தலைமுறையாகக் குத்தகைக்கு உழுத நிலம் அது. உச்சவரம்புக்கு மிஞ்சிய அந்த ஒரு வேலியை, அதாவது ஆறரை ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை, சட்டத்தின் கண்ணிலிருந்து மறைக்க ஒரு பெயர் தேவைப்பட்டது. பதிவு அலுவலகத்தில் தாம் எதற்கு விரலை நீட்டினோம் என்பது மருதையனுக்கு அந்த வாசலில்தான் விளங்கியது. தமக்குத் தெரியாது என்று சொன்னார். அம்சம் முறத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மிராசுதாரின் மகன் சின்ன மிராசுதார் பந்தலுக்கு வந்தான். மருதையனைவிட இருபது வயது இளையவன்.

“டேய் மருதையா, வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீஸ்ல விசாரணை. நிலம் என்னோடது, நான்தான் உழுவுறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. கார் புக்கை உன் பேருக்கு மாத்திக் குடுக்குறேன்.”

“அப்ப கார் இன்னும் எம்பேர்ல இல்லீங்களா ஆண்டே?”

சின்ன மிராசுதார் சிரித்தான். “கார் உன் கையில, பேர் எங்ககிட்ட. நிலம் உன் பேர்ல, கை எங்களது. கணக்கு சரியாப் போச்சுல்ல?”

பளபளத்த பானெட்டைத் தட்டிவிட்டுப் போனான். அன்று முழுவதும் மருதையன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு பொய் சொன்னால் போதும். தெருவுக்கு என்றைக்கும் ஒரு கார் நிற்கும். ஆனால் அந்தக் காரில் ஏற எந்த வீட்டுப் பெண் வருவாள்?

வெள்ளிக்கிழமை வலங்கைமானுக்கு நடந்தே போனார். அதிகாரி ஒன்றும் கேட்கவில்லை. எழுதி முடித்திருந்த தாளைத் திருப்பி வைத்து, மைப்பெட்டியை நகர்த்தினார். மருதையன் கட்டை விரலை மற்ற நான்கு விரல்களுக்குள் மடக்கிக்கொண்டார்.

“மொதல்ல வாசிங்கய்யா. வெளியில நிக்கிறவங்களுக்கும் கேக்குற மாதிரி வாசிங்க.”

அதிகாரி முகத்தைச் சுளித்தார், ஆனாலும் வாசித்தார். மேற்படி நிலத்தை நானே சொந்தமாக உழுது பயிரிட்டு அனுபவித்து வருகிறேன் என்றிருந்தது.

“அந்த நிலத்துல என் கால் பட்டதில்லீங்க அய்யா. உழுதவங்க பேரை நான் சொல்றேன், எழுதிக்குங்க.”

வேறு தாளில் எழுதினார்கள். அதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே மருதையன் விரலை நீட்டினார்.

அந்தத் தாள் தஞ்சாவூருக்குப் போயிருக்கிறது. தீர்ப்பு வரவில்லை. ஒரு வேலி நெல்லை மிராசுதாரின் ஆட்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். அதற்கு முன்பே, விசாரணை நடந்த அன்று பிற்பகலிலேயே, இரண்டு சோடி மாடுகள் ஆஸ்டினை இழுத்துச் சென்றுவிட்டன. அன்று சாயங்காலம், விசாரணையில் அவர் சொன்னதைக் கேள்விப்பட்ட அம்சம் வந்து காலிப் பந்தலின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள். மருதையன் தரையில் கிடந்த எண்ணெய்க் கறையின் மேல் சாம்பலைத் தூவிக்கொண்டிருந்தார்.

இதைப் படித்து முடித்த பெருமக்களே, உங்களுக்குப் படிக்கத் தெரியும் என்பதை நீங்களே மெய்ப்பித்துவிட்டீர்கள். இனிச் சாட்சியாக நின்றால் போதாது. நாளைக் காலையில் உங்கள் ஊர்த் தாலுகா அலுவலக வாசலுக்குப் போங்கள். கையில் தாளோடும் கண்ணில் அச்சத்தோடும் நிற்கும் முதல் மனிதரிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். மை தொடுவதற்கு முன் ஓர் எழுத்து விடாமல், எல்லோருக்கும் கேட்கும்படி வாசியுங்கள்!